ஐந்தாவது பெட்டியின் சில்லு

எங்கள் பக்கத்தில் கோச்சி கிடையாது. கோச்சி பார்க்க ஆசைப்பட்டால் கல்முனையில் பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போக வேண்டும். தண்டவாளம் அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்குத் தெற்கே வர அதற்கு மனமில்லை. ஆனாலும் எண்பதுகளின் தொடக்கத்தில் நாலரை மாதம் எங்கள் வீட்டுக்குள் ஒரு சாமான் கோச்சி ஓடியது. முன் அறையில் புறப்பட்டு, திரைச்சீலைக்கு அடியால் உள்ளறைக்குள் நுழைந்து, கட்டிலைச் சுற்றி, மறுபடி திரைச்சீலைக்கு அடியால் என்னிடம் வந்து சேரும். என்ஜினும் நாலு பெட்டிகளும். ஐந்தாவது பெட்டிக்குச் சில்லு இல்லாததால் அது அலுமாரிக்கு மேல் கிடந்தது.

எங்கள் வீடு என்கிறேனே தவிர, அது என் மனைவியின் வீடு. எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை என்பவன் உடுப்புப் பெட்டியோடு வந்து ஏறுகிறவன். நானும் அப்படித்தான் வந்து ஏறினேன். அந்த வீட்டில் என் மனைவியும் அவளுடைய உம்மாவும் மட்டும் இருந்தார்கள். மாமனார் நான் வருவதற்கு முந்தியே மௌத்தாகியிருந்தார். மாமி அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பார்.

மாமி என்னோடு கதைக்க மாட்டார். கோபமல்ல, மரியாதை. மார்க்கத்தில் அப்படி ஒரு சட்டமும் இல்லை. மருமகனுக்கு மாமி மறைய வேண்டியதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் மார்க்கம் ஒரு முழம் போட்டால் ஊர் ஒன்பது முழம் போடும். நான் முன் அறைக்குள் வந்தால் மாமி உள்ளறைக்குப் போய்விடுவார். நான் உள்ளறைக்குப் போக வேண்டுமென்றால் வாசலில் நின்று இருமுவேன். அவர் பின்கதவால் குசினிக்குப் போவார். கலியாணம் முடித்து முதல் வருடம் நான் இருமிய இருமலுக்கு, கசநோய்க்காரன் என்று யாரும் சந்தேகப்படாதது அல்லாஹ்வின் கிருபை.

என்னிடம் சொல்ல ஏதும் இருந்தால் மாமி பூனையிடம் சொல்வார். திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். “பூனே, தேத்தண்ணி ஆறுது.” நான் எடுத்துக் குடிப்பேன். “பூனே, மழ வரப் பாக்குது, குடையில்லாமப் போறது புத்தியில்ல.” நான் குடையை எடுப்பேன். சாம்பல் நிறத்தில் சோம்பேறியான பூனை அது. அதைவிட நல்ல தபால்காரனை நான் கண்டதில்லை.

எழுபத்தெட்டில் அடித்த சூறாவளி வீட்டுக் கூரையைக் கொண்டுபோன மறுவருடம் என் மனைவி முதல் முறையாகப் பிள்ளைத்தாய்ச்சியானாள். குவைத்துக்கு வேலைக்குப் போயிருந்த என் தம்பி அப்போதுதான் லீவில் வந்தான். மற்றவர்கள் கொண்டுவருவது போல ரேடியோவும் சேலையும் கொண்டுவந்தான். கூடவே பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று ஒரு அட்டைப்பெட்டி. திறந்தால் சாமான் கோச்சி. கறுப்பு என்ஜின், மூடியில்லாத ஐந்து பெட்டிகள், துண்டு துண்டாகத் தண்டவாளம்.

“ஆக்கள் ஏறுற கோச்சி கிடைக்கல்லயாடா?” என்று கேட்டேன்.

“ஆக்கள் சண்ட பிடிப்பாங்க காக்கா. சாமான் பேசாம வரும்.” எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

நான் அப்போது நீர்ப்பாசனக் கந்தோரில் வரைபடம் கீறுகிற உத்தியோகத்தில் இருந்தேன். அளவாகச் செய்த எதைக் கண்டாலும் கை பரபரக்கும். ஒவ்வொரு சில்லின் உள்விளிம்பிலும் மெல்லிய உதடு ஒன்று இருந்தது. தண்டவாளத்துக்கு உள்ளே இறங்கிப் பெட்டியைப் பிடித்துக்கொள்வது அதுதான். இரண்டு சில்லுகளும் ஒரே அச்சில் இறுகியிருந்தன. அந்த இடைவெளி ஒரு ஊசியளவு பிசகினாலும் பெட்டி கவிழ்ந்துவிடும். இதையெல்லாம் மனைவிக்கு விளக்கிக்கொண்டு, வந்த அன்றே முன் அறைச் சீமெந்தில் தண்டவாளத்தை விரித்து, டோர்ச் பெட்டரி போட்டு ஓடவிட்டேன்.

உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.

“பூனே, புள்ள பொறக்க முதல் புள்ளச் சாமான ஊட்டுக்க பரப்புறது நல்லமில்லையெண்டு படிச்ச ஆக்களுக்குத் தெரியாதா?”

நான் சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம். எனக்குக் கோபமும் வாயும் மூக்கு நுனியில் இருக்கும். “பூனே, இது படிச்ச ஊடு. இஞ்ச அந்தக் கதையெல்லாம் எடுபடாது எண்டு சொல்லு” என்றேன். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

எட்டாம் மாதத்தில் ஆண்பிள்ளை பிறந்தது. அது அழவில்லை.

வெள்ளைத் துணியில் சுற்றி என் கைகளிலேயே கொண்டுபோய்க் கடற்கரைப் பக்கத்து மையவாடியில் அடக்கினேன். பாரமே இல்லை. வீட்டுக்கு வந்தபோது கோச்சி முன் அறையில் விட்டது விட்டபடி நின்றது. அதை அள்ளி முற்றத்து மணலில் வீசினேன். என்ன நினைத்து வீசினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்றைக்குப் புத்தியே இருக்கவில்லை.

மறுநாள் காலையில் பொறுக்கப் போனேன். முற்றம் ஏற்கெனவே கூட்டப்பட்டு, மணலில் விளக்குமாற்றுக் கோடுகள் வரிசையாகத் தெரிந்தன. கோச்சித் துண்டுகள் எல்லாம் வாசற்படியில் ஒழுங்காகக் குவித்து வைக்கப்பட்டிருந்தன. ஒரு பெட்டியின் கொழுக்கி முறிந்திருந்தது. இன்னொரு பெட்டியில் ஒரு அச்சு, அதன் இரண்டு சில்லுகளோடும் இல்லை. மணலைக் கையால் அரித்துத் தேடினேன். கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் அட்டைப்பெட்டிக்குள் போட்டுக் கட்டி அலுமாரிக்கு மேல் ஏற்றினேன்.

அன்றிலிருந்து மாமி பூனையோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். தேநீர் சத்தமில்லாமல் திரைச்சீலை ஓரத்தில் வந்து நிற்கும். நான் காணும்போது ஆறிக் கிடக்கும். மழை வந்தால் நனைந்தேன். நான் சொன்னதை அவர் மறக்கவில்லை என்று விளங்கிக்கொண்டேன். நான் விரித்த கோச்சிதான் பிள்ளையைக் கொண்டுபோனது என்று அவர் நம்புகிறார். சொல்லாமல் இருப்பது மகளுக்காக. படித்த நான் இதையெல்லாம் நம்பக் கூடாதுதான். நம்பினேன். மூன்று வருடம் ஒவ்வொரு ஆறின தேநீரையும் அந்த நம்பிக்கையோடுதான் குடித்தேன்.

மூன்றாம் வருடம் மனைவி மறுபடி பிள்ளைத்தாய்ச்சியானாள். நாலாம் மாதத்தில் டாக்டர், பிள்ளை தங்க வேண்டுமென்றால் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்றார். மாமி தன் பாயையும் தையல் மெஷின் இருந்த உள்ளறைக்கே மாற்றிக்கொண்டார். இரவும் பகலும் மகளின் பக்கத்தில் இருந்தார். அதனால் நடந்தது என்னவென்றால், என் பெண்சாதியை நான் காண்பது அரிதாகிவிட்டது. மாமி குசினிப் பக்கம் போய்த் தொழும்போதும் சமைக்கும்போதும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவேன். கலியாணம் முடித்த வீட்டில் களவாகக் காதலிக்கிறவன் போல இருந்தது என் சீவியம்.

ஒரு நாள் திரைச்சீலைக்குள்ளிருந்து அவள் கூப்பிட்டாள்.

“இஞ்சேருங்க, அலுமாரிக்கு மேல இரிக்கிற அந்தக் கோச்சிய எடுங்க.”

“வேணாம் புள்ள. பொறக்க முதல் புள்ளச் சாமான எடுக்கப்படாது.”

“ஓம் ஓம், இப்பதான் ஒங்களுக்கு ஞானம் வந்திரிக்கி. அது புள்ளட சாமானில்ல, ஒங்கட சாமான். புள்ள ஆரு எண்டு இந்த ஊட்டுல எல்லாருக்கும் தெரியும். எனக்கிப் பொழுது போகல்ல, கொண்டாங்க.”

உள்ளே மெஷின் நிற்கிறதா என்று காது கொடுத்தேன். அது ஓடிக்கொண்டேயிருந்தது. எடுத்தேன்.

தண்டவாளத்தைப் பாதி முன் அறையிலும் பாதி உள்ளறையிலுமாக வட்டமாகப் பூட்டினேன். உள்ளறைப் பாதியை மாமி பின்னேர அசர் தொழுகிற நேரங்களில், மூன்று நாளில் பூட்டி முடித்தேன். இரண்டு அறைகளுக்கும் நடுவில் விரல் உயரத்துக்கு ஒரு சீமெந்துப் படி இருந்தது. இருபுறமும் பலகைத் துண்டுகளைச் சாய்வாக வைத்து அதைத் தாண்டவைத்தேன். பெட்டிகள் பாரமில்லாமல் அந்தச் சாய்வில் துள்ளி விழுந்தன. பாண்டிருப்பில் எனக்குப் பழக்கமான மீன்பிடிகாரர் ஒருவரிடம் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகள் கேட்டு வாங்கி, பெட்டிக்கு இரண்டாக அடியில் வைத்தேன். “மாஸ்டர் எந்தக் கடலுக்குப் போறீங்க?” என்று கேட்டார். உத்தியோகம் பார்க்கிறவன் எல்லாம் அவருக்கு மாஸ்டர்தான். வீட்டுக்குள்தான் என்றேன். ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு இன்னும் நாலு குண்டு சேர்த்துத் தந்தார்.

கோச்சி ஓடியது. கச்சான் கடலையும் தோடம்பழ இனிப்பும் கடதாசித் துண்டுகளும் போயின. பதிலுக்குக் கச்சான் கோதும் கடதாசித் துண்டுகளும் வந்தன. அவள் எழுதுவதெல்லாம் நக்கல். “புகையிரதம் பத்து நிமிடம் பிந்தி வந்துள்ளது. நிலைய அதிபர் மீது முறைப்பாடு செய்யப்படும்.” கடைசிப் பெட்டியில் மாமிக்கென்று ஒரு வாய் வெற்றிலையும் பாக்கும் வைத்தனுப்பினேன். பெட்டி வெறுமையாகத் திரும்பி வந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு நன்றாக இறங்கியது.

வாரத்துக்கு ஒருமுறை சில்லுகளைக் கழற்றித் துப்புரவாக்குவேன். அச்சில் மனைவியின் நீளத் தலைமயிரும், மாமி வெட்டிப்போட்ட நூலும் சுற்றிக்கொண்டிருக்கும். ஊசியால் இழுத்தெடுப்பேன். சிவப்பு நூல் வந்தால் எங்கோ கலியாணம் என்று தெரியும். அவளுடைய மயிரை எறிய மனம் வராது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கந்தோருக்குப் போவேன்.

ஆனால் முறிந்த கொழுக்கி பெரிய தொந்தரவாக இருந்தது. ஒரு பெட்டியின் கொழுக்கி அடுத்த பெட்டியின் வளையத்தில் கொழுவித்தான் கோச்சி ஒன்றாகப் போகும். முறிந்த இடத்தை நூலால் கட்டினேன், அறுந்தது. கம்பி வளைத்துப் பார்த்தேன், சாய்வில் ஏறும்போது கழன்றது. ஒரு பின்னேரம் என்ஜின் இரண்டு பெட்டிகளோடு திரும்பி வந்தது. மற்ற இரண்டும் உள்ளறையில் எங்கோ நின்றுவிட்டன. மாமி உள்ளே இருந்ததால் போய் எடுக்கவும் முடியவில்லை. கோபத்தில் என்ஜினை நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் அந்த இரண்டு பெட்டிகளும் திரைச்சீலை ஓரத்தில் தேநீருக்குப் பக்கத்தில் நின்றன. முறிந்த கொழுக்கிக்குப் பதிலாக, பெண்களின் சட்டையை முன்பக்கம் பூட்டுகிற சின்ன இரும்புக் கொக்கி. சூட்டு ஊசியால் பிளாஸ்டிக்கில் இரண்டு துளை போட்டு, கறுப்பு நூலால் பதினைந்து சுற்றுச் சுற்றித் தைத்திருந்தது. என்னிடம் நின்ற பெட்டியின் வளையத்துக்கு அது அளவாக இருந்தது. கொழுவி இழுத்துப் பார்த்தேன். சாய்வில் ஏற்றினேன், இறக்கினேன். கழலவேயில்லை. கந்தோரில் நான் கீறிய மதகு வரைபடங்களில் ஒன்றாவது அவ்வளவு கச்சிதமாக இருந்திருக்குமா என்று தெரியாது.

சந்தோசப்பட வேண்டியவன், நான் அப்போதும் கோணலாகத்தான் நினைத்தேன். தையற்காரியின் கை சும்மா இராது. முறிந்ததைக் கண்டால் தைக்கும். அதற்காக என்னை மன்னித்துவிட்டார் என்று அர்த்தமா? சொல் ஒன்றும் வரவில்லையே. பூனை என் மடியில்தான் படுத்திருந்தது. அதைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரமாகும்?

எட்டாம் மாதம் தொடங்கியது. வீட்டில் யாரும் அந்த மாதத்தின் பெயரைச் சொல்லவில்லை. மனைவியின் கடதாசிகளில் நக்கல் குறைந்தது. ஒரு நாள் ஒன்று வந்தது: “ஐந்தாவது பெட்டி எப்போது ஓடும்?” நான் எழுதினேன்: “அதற்குச் சில்லு இல்லை.” சட்டைப் பொத்தான்களைக் கம்பியில் கோத்து அதற்குச் சில்லு செய்து பார்த்திருந்தேன். பொத்தானுக்கு உதடு இல்லை. தண்டவாளம் அதைப் பிடிக்காது. அவள் மறுபடி எழுதினாள்: “எல்லாப் பெட்டியும் ஓடுவதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது.” அந்தக் கடதாசியை நான் பலமுறை வாசித்தேன். பயந்தவளுடைய எழுத்து அது.

அந்த மாதம் முடிய ஒரு கிழமை இருக்கும்போது, மத்தியான லுஹர் தொழுகை முடிந்த கையோடு அவளுக்கு வலி வந்தது. திரைச்சீலைக்குள்ளிருந்து அவள்தான் கூப்பிட்டாள். ஓடிப்போய்க் கார் ஒன்று பிடித்து வந்தேன். உம்மாவும் மகளும் பின்சீட்டில், நான் டிரைவருக்குப் பக்கத்தில். ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டார்கள்.

வெளியில் உட்கார ஒரே ஒரு வாங்குதான் இருந்தது. நான் ஒரு நுனியில் உட்கார்ந்தேன். மாமி நின்றுகொண்டேயிருந்தார். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு நான் எழும்பிச் சுவரோரம் போனேன். அவர் உட்காரவில்லை. மறுபடி நான் வந்து நுனியில் உட்கார்ந்து மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போது வாங்கின் அடுத்த நுனி மெல்லக் கிறீச்சிட்டது. நாலு வருடத்துக்கு மேல் ஒரே கூரைக்குக் கீழே இருந்திருக்கிறோம். இருவரும் ஒரு வாங்கில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். நடுவில் திரைச்சீலை இல்லை, பூனையும் இல்லை.

உள்ளேயிருந்து அவள் முனகுவது கேட்டது. நான் ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினேன். ஓதி முடிந்தால் மறுபடி முதலிலிருந்து.

வாங்குப் பலகையில் ஏதோ உருளுகிற சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன். ஒரு அச்சும் இரண்டு சில்லுகளும் உருண்டு வந்து என் தொடையில் முட்டி நின்றன. மாமியின் முந்தானையில் ஒரு முடிச்சு அவிழ்ந்து தொங்கியது.

மாமி சுவரைப் பார்த்துக்கொண்டு கதைத்தார். முக்காட்டை இழுத்துப் பிடித்திருந்தார்.

“மகன், அண்டைக்கு முத்தம் கூட்டக்கொள்ள கிடந்த. மத்தச் சாமானோட வெக்கத்தான் நெனச்ச. வெச்சா எல்லாம் முடிஞ்சி போன மாதிரி இரிந்திச்சி. இன்னொரு புள்ள வரும், அதுக்குக் குடுப்பம் எண்டு முடிஞ்சி வெச்ச.”

நான் அந்த அச்சை விரலால் மெல்ல உருட்டினேன்.

“அண்டைக்கு நான் அப்புடிச் சொல்லியிரிக்கப்படா. என்ட வாயாலதான் அந்தப் புள்ள போன. நீங்க என்ன மன்னிக்க மாட்டீங்க எண்டு எனக்கித் தெரியும். அதான் இந்த வாயால ஒங்களுக்கு இனி ஒரு சொல்லும் சொல்லப்படா எண்டு இரிந்தன். இந்தப் புள்ளைக்காவது ஒண்டும் ஆகப்படா மகன்.”

மூன்று வருடம். நான் அவருக்குப் பயந்து ஆறின தேநீர் குடித்தேன். அவர் எனக்குப் பயந்து அதை ஆறவிட்டார். படித்த எனக்கு ஒரு நாளாவது இது தோன்றவில்லை. அந்த வாங்கில் இருந்து நான் அழுதேன். சத்தம் போட்டே அழுதேன். போகிற வருகிற ஆட்கள் பார்த்தார்கள்.

“இல்ல மாமி” என்றேன். அவரிடம் நேரே நான் சொன்ன முதல் சொல் அது. “நானல்லவா அத விரிச்ச. என்னாலதான் எண்டு நீங்க நெனச்சிட்டிரிக்கிறீங்க எண்டு...”

அவர் முதல் முறையாகத் திரும்பி என்னைப் பார்த்தார். “அல்லாஹ்வே, ஒரு புள்ளைட உசிரும் ஹயாத்தும் கோச்சியிலயா மகன் இரிக்கி?” என்றார். சொன்ன பிறகுதான், அது தனக்கும் சேர்ந்த பதில் என்று அவருக்கு விளங்கியது. முக்காட்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அசர் பாங்கு சொல்லி முடிந்து கொஞ்சநேரத்தில் உள்ளே ஒரு குழந்தை அழுதது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழும்பியதில் வாங்கு ஆடிச் சில்லு கீழே விழுந்தது. மாமி குனிந்து எடுத்து என் கையில் தந்தார். பெண்பிள்ளை. எடை குறைவுதான், ஆனால் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கக் கத்தினாள். அவளுடைய வலது காதில் பாங்கு சொல்லும்போது ஒரு கையில் பிள்ளை, மற்றக் கைக்குள் அந்தச் சில்லு.

வீட்டுக்கு வந்த பிறகு நாற்பது நாளும் தாயும் பிள்ளையும் உள்ளறையில்தான். முதல் நாளே ஐந்தாவது பெட்டியை இறக்கி, அந்த அச்சைப் பூட்டினேன். மூன்று வருடம் முந்தானையில் கிடந்து சில்லின் உதட்டில் துணியின் மெல்லிய பஞ்சு ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமலே பூட்டினேன். கோச்சி ஐந்து பெட்டிகளோடும் சாய்வில் ஏறித் திரைச்சீலைக்கு அடியால் போனது. ஒன்றும் கழலவில்லை, ஒன்றும் கவிழவில்லை. உள்ளே மனைவி சிரிப்பதும் பிள்ளை அழுவதும் கேட்டன.

மாமி அதற்குப் பிறகு என்னோடு நேரே கதைக்கவில்லை; மௌத்தாகும் வரைக்கும் கதைக்கவில்லை. ஊர் மரியாதை ஊர் மரியாதைதான். ஆனால் அன்றைக்குக் கோச்சி என்னிடம் திரும்பி வந்து நின்றபோது, திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்து மூன்று வருடமாகப் பூனையைக் கூப்பிடாத குரல் கேட்டது.

“பூனே, தேத்தண்ணி ஆறுது.”

சுடச்சுட எடுத்துக் குடித்தேன். நாக்கு வெந்துபோனது.